சம்பந்தி கொடுத்த ராட்செட்டுக்கு நான் பாஸ் போட மாட்டேன்

ட்ருகனினா, மெல்பேர்ன்
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி ராகவேந்திரா அவர்களுக்கும், சம்பந்தியம்மா விஜயா அவர்களுக்கும், சேகர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், நாகலட்சுமி, எங்கள் மகள் தாரிணி, உங்கள் மகனும் எங்கள் மாப்பிள்ளையுமான சுதர்சன், தாரிணி வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் நம் பேரக்குழந்தை எல்லோரும் சௌக்கியம். சிட்னி நார்த்மீட்டில் நீங்கள் இருவரும் அதேபோல் சௌக்கியமாக இருக்கவும், உங்கள் இடுப்புவலி சீக்கிரம் குறையவும் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன். இடுப்பைப் பற்றி எடுத்ததும் விசாரிப்பது குத்திக்காட்டுவதற்காக அல்ல. நீங்கள் விழுந்தபோது பக்கத்தில் நின்றவன் நான், விசாரிக்க வேண்டியது என் கடமை.

இது மன்னிப்புக் கடிதமாக இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் மூன்று பேர் கூடி முடிவெடுத்து, சாப்பாட்டு மேஜையில் பேப்பரும் பேனாவும் வைத்து, பரீட்சைக்கு உட்கார வைத்த மாதிரி என்னை உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். "நடந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்" என்ற முதல் வரியைத் தாரிணியே சொல்லிக் கொடுத்தாள். எழுதிப் பார்த்தேன், "வருந்து" வரைக்கும் வந்தது, அதற்கு மேல் கை போகவில்லை. அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு இதில் எழுதுகிறேன். சம்பந்தி, நான் வருந்தவில்லை. நீங்கள் எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ராட்செட் சாக்கெட் செட்டை நான் நிராகரித்தேன், இன்றைக்குக் கேட்டாலும் நிராகரிப்பேன்.

அதற்காகத் தாரிணியின் வளைகாப்புக்கு வர மாட்டேன் என்று மாப்பிள்ளையிடம் போனில் சொன்னீர்களாம். "மதிப்பில்லாத வீட்டுக்கு எதுக்கு வரணும்? உன் மாமனார் நேர்ல வந்து, செஞ்சது தப்புன்னு சொல்லி, வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டா யோசிக்கிறேன்" என்றீர்களாம். வளைகாப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பெண்ணின் கையில் முதல் வளையலை மாமியார் போடுவதுதான் நம் வழக்கம். நீங்கள் வராமல் விஜயா அம்மா தனியாக வர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், தாரிணிக்கும் தெரியும். ஒரு ராட்செட்டுக்காக என் பெண்ணின் கையை வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். நல்லது. ஆனால் அந்த ராட்செட் எப்படிப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கோயமுத்தூரில் பம்ப் செட் கம்பெனியில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னேன், நீங்கள் கேசரியில் கவனமாக இருந்தீர்கள். வெளியிலிருந்து வரும் சாமான் ஒவ்வொன்றையும் சோதித்து, சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு, சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு, இதுதான் என் உத்தியோகம். நான் பாஸ் போடாமல் ஒரு வாஷர் உள்ளே போனதில்லை. முதலாளியின் மைத்துனர் சப்ளை செய்த போல்ட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை, நான் ஒன்றும் இளைத்துப் போய்விடவில்லை. இப்படி ஒரு ஆளுக்கு டூல் செட் வாங்கிக் கொடுப்பது என்றால், கொடுப்பவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா? வேட்டி எடுத்துக் கொடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேனா?

விஜயா அம்மாவும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ராட்செட் என்பது ஒரு கைப்பிடி. அதன் தலையில் நட்டின் அளவுக்குத் தகுந்த சாக்கெட்டை மாட்டி, கையை எடுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டினால் நட்டு கழன்றுகொண்டே வரும். தலைக்குள்ளே ஒரு பல்சக்கரம், அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னக் கொக்கி. முழு மானமும் அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. உங்கள் செட்டின் பெட்டியில் "எழுபத்திரண்டு பல்" என்று தங்க எழுத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது, நீங்களும் அதைத்தான் பெருமையாகக் காட்டினீர்கள். பல் அதிகமானால் இடுக்கான இடத்தில் கொஞ்சம் ஆட்டினாலே போதும், அந்த மட்டும் சரி. ஆனால் பல் பொடிசாகப் பொடிசாக, கொக்கிக்குப் பிடிமானம் குறையும். அதை ஈடுகட்ட நல்ல இரும்பும் நல்ல கொக்கியும் வேண்டும். திறந்து பார்த்தேன். கொக்கி அரிசிப் பல் மாதிரி இருக்கிறது.

அடுத்தது பின்னிழுப்பு. நட்டை லேசாக இறுக்கிவிட்டுக் கையைப் பின்னுக்குக் கொண்டுவந்தால் நட்டு இருந்த இடத்தில் இருக்க வேண்டும், கைப்பிடி மட்டும் வர வேண்டும். உங்கள் ராட்செட்டில் நட்டும் கூடவே திரும்பி வருகிறது. நாள் முழுக்க ஆட்டினாலும் இறுக்கினதும் கழற்றினதும் சரிக்குச் சரியாகப் போய்விடும். இறுக்குவதா கழற்றுவதா என்று திசை மாற்றுகிற நெம்பை எங்கே வைத்திருக்கிறான் தெரியுமா? கட்டைவிரல் வந்து உட்காருகிற இடத்தில். இறுக்கிக்கொண்டே இருக்கும்போது தானாகத் திரும்பிவிடுகிறது. சாக்கெட்டின் வாயை உள்பக்கம் இவ்வளவு சரிவாகச் சீவினால் மெல்லிய நட்டை அது எப்படிப் பிடிக்கும்? அளவு எண்ணைக் குத்தி எழுதாமல், கண் டாக்டர் கடைசி வரியில் காட்டுகிற எழுத்தில் எழுதியிருக்கிறான். பெட்டி மூடியைத் திறந்த உடனே எல்லாச் சாக்கெட்டும் பொரி கொட்டின மாதிரி கராஜ் முழுக்க உருண்டது, நாகலட்சுமி துணி காய வைக்க வந்தவள் ஒன்றின் மேல் கால் வைத்து வாஷிங் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரோம் பூச்சு மட்டும் நன்றாக இருக்கிறது. அதில் என் முகம் தெரிகிறது. முகம் பார்க்க எனக்குக் கண்ணாடி இருக்கிறது.

ஆனாலும் ஒருதலைப்பட்சமாக நடக்கக்கூடாது என்று உண்மையான வேலையில் வைத்துப் பார்த்தேன். தாரிணியின் புது சாப்பாட்டு மேஜையில், கால் நான்கிலும் நல்ல போல்ட் இருக்கிறது. உங்கள் ராட்செட்டால் எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப இறுக்கினேன். இறுக்கினேன் என்றுதான் நான் நினைத்தேன். நெம்பு எப்போது திரும்பியதோ தெரியாது, நான் இறுக்குவதாக நினைத்துக் கழற்றியிருக்கிறேன். அன்று மத்தியானம் மாப்பிள்ளை முழங்கையை ஊன்றினார், மேஜை ஒரு பக்கமாக மண்டி போட்டது, ரசம் முழுக்க அவருடைய ஆபீஸ் லேப்டாப்பில் இறங்கிவிட்டது. "மாமா, அது டூல் பிரச்சினையா, இல்ல..." என்று ஆரம்பித்துவிட்டு மீதியை முழுங்கிக்கொண்டார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு, அதில் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்குத்தான் சிவப்புச் சீட்டு எழுதிக் கட்டினேன். முப்பது வருஷத்துப் பழக்கம், பெயில் ஆன சாமானில் சீட்டு கட்டாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "பின்னிழுப்பு, கொக்கி பலவீனம், நெம்பு தவறான இடத்தில்" என்று எழுதினேன். அனுப்பியவர் என்ற இடத்தை வெறுமனே விடக்கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி, அதனால் "ரா. ராகவேந்திரா, நார்த்மீட்" என்று எழுதினேன். இதில் என்ன பொய் இருக்கிறது? நீங்கள்தானே அனுப்பியவர்? கராஜ் மேல் தட்டில், யார் கண்ணிலும் படாத இடத்தில் மரியாதையாகத்தான் வைத்தேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நீங்கள் இருவரும் சிட்னியிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்தீர்கள், எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஹாலில் கோலம் போட்டு, என் ஸ்பேனர், சுத்தியல், என் பழைய காரின் சாவி, அதன் ஜாக்கி, வீல் ஸ்பேனர், மாப்பிள்ளையின் புது லேப்டாப், தாரிணியின் ஸ்டெதஸ்கோப் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தேன். நடுவில் என்னுடைய ராட்செட், இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் வாங்கியது, முப்பத்தாறு பல், துருவைத் தேய்த்துத் தேய்த்து நானே கிரீஸ் வைத்தது, அதற்கு மட்டும் ஒரு சாமந்திப் பூ கூடுதலாக வைத்தேன். நீங்கள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையை இரண்டு தடவை பார்த்தீர்கள். எதைத் தேடினீர்கள் என்று எனக்கு அப்போதே புரிந்தது. பெயில் ஆன சாமானைச் சாமி முன்னால் எப்படிங்க வைக்கிறது? உங்களுக்காக நான் சரஸ்வதியை ஏமாற்ற முடியாது.

அதோடு போயிருக்கும். சாப்பிட்டுவிட்டு நீங்கள் கிளம்பும்போது பார்த்தால் உங்கள் காரின் முன் டயர் தரையோடு தரையாகக் கிடக்கிறது. இந்தப் பக்கம் தெருவெல்லாம் வீடு கட்டுகிறார்கள், ரோடெல்லாம் ஸ்குரூ, வாரம் ஒருத்தர் டயராவது போகும். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கியும் ஸ்பேனரும் வைக்கிற பை இல்லை. எங்களுக்குக் கொண்டுவந்த பெரிய வெண்கல உருளிக்கு இடம் வேண்டும் என்று அதை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். மாப்பிள்ளையின் மின்சாரக் காரில் ஸ்டெப்னியும் கிடையாது, ஸ்பேனரும் கிடையாது. என்னுடையது எல்லாம் பூஜையில் இருக்கிறது, மறுநாள் காலையில் திரும்பப் பூஜை செய்யாமல் அதைத் தொடக்கூடாது. "ஏம்ப்பா, சாமி ஒண்ணும் சொல்லாது, எடுத்துக் குடுங்கப்பா" என்றாள் தாரிணி. நான் அசையவில்லை. அப்போதுதான் நீங்கள் முகம் மலர்ந்து, "அட, நான் வாங்கிக் குடுத்த செட்டு இருக்குல்ல!" என்று சொல்லிக்கொண்டே கராஜுக்குள் போனீர்கள். நான் பின்னாலேயே ஓடி வந்தேன், உங்கள் கால் வேகம் எனக்கு இல்லை.

நீங்கள் சீட்டைப் படித்தீர்கள். உங்கள் பெயரையும் படித்தீர்கள். திரும்பி என்னைப் பார்த்தீர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, சாக்கெட்டை நட்டில் மாட்டினீர்கள். நட்டு அசையவில்லை. டயர் கடைக்காரன் காற்று மெஷின் வைத்து இறுக்கியது, அசையாது. நீங்கள் கைப்பிடியின் மேல் ஏறியே நின்றுவிட்டீர்கள். அந்த நேரத்தில் நான், "சம்பந்தி, இறுகின நட்டை ராட்செட்டால கழட்டக்கூடாதுங்க, நீளமான கம்பியிலதான் முதல்ல இளக்கணும்" என்று சொன்னேன். சொன்னது தப்பு என்கிறாள் நாகலட்சுமி. சொன்னது சரி, சொன்ன நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்திருக்கலாம். உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம், கொக்கி வழுக்கியது, நீங்கள் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் சிரிக்கவில்லை, சாமி சத்தியமாகச் சிரிக்கவில்லை. சிரித்தது உங்கள் பையன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் கதிர்காமநாதன் ஒரு நீளக் கம்பியோடும் ஜாக்கியோடும் வந்தார். "விடுங்கோ அண்ணை, நான் கழட்டுறன். இந்த விளையாட்டுச் சாமானை ஆர் உங்களுக்குத் தந்தது?" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும் பாவம். நான் வாயைத் திறக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உங்களைப் பார்க்கவும் இல்லை. வேலை முடிந்ததும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், போட்டு வைத்த காப்பியைக்கூடத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனீர்கள். விஜயா அம்மா கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டினார்கள், நீங்கள் பட்டனை அமுக்கி அந்தக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டீர்கள். அது ஒன்றுதான் எனக்கு வலித்தது.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் ஒரு குற்றவாளி. நாகலட்சுமி காலையில் உப்புமா வைக்கிறாள், ராத்திரியும் உப்புமா வைக்கிறாள், கேட்டால் "இதுக்கும் சீட்டு எழுதிக் கட்டுங்க" என்கிறாள். மாப்பிள்ளை நாகரிகமாக வானிலை பற்றி மட்டும் பேசுகிறார். "சாரின்னு ஒரு வார்த்தைப்பா, அவ்ளோதான், ப்ளீஸ்" என்று தாரிணி தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள், இப்போது கேட்பதை நிறுத்திவிட்டாள். பச்சை வளையல், சிவப்பு வளையல் எல்லாம் வாங்கி அடுக்கி வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் போகும்போது மட்டும் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அதைப் பார்த்தால் நானும் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஆனால் அதற்காக ஒரு மோசமான ராட்செட் நல்ல ராட்செட் ஆகிவிடுமா?

ஒன்று மட்டும் யோசியுங்கள் சம்பந்தி. உங்களை நான் மூன்றாம் மனுஷராக நினைத்திருந்தால், "ரொம்பப் பிரமாதம், இப்படி ஒரு செட்டை நான் பார்த்ததே இல்ல" என்று பல்லைக் காட்டியிருப்பேன். பெட்டியை அப்படியே அடுத்த கிரகப்பிரவேசத்துக்கு வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருப்பேன், இங்கே எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்? உட்கார்ந்து பல் எண்ணி, கொக்கியைக் கழற்றி, குறையை எழுதி வைத்தேன் என்றால், சொந்தக்காரர் கொடுத்த சாமானைச் சொந்தக்காரன் மாதிரி பார்த்தேன் என்று அர்த்தம். நீங்கள் அதில் ஏமாந்துவிட்டீர்கள், கடைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான், அவன் மேல்தான் எனக்குக் கோபம். உங்கள் மேல் எனக்கு எப்போது கோபம் வந்தது? அந்தக் கண்ணாடியை ஏற்றினீர்களே, அப்போதுதான் வந்தது.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். செட் பெயில். சீட்டு இருந்த இடத்தில் இருக்கும். வளைகாப்புப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், போனிலும் நாகலட்சுமி அழைத்தாயிற்று, இந்தக் காலத்தில் அதுவே ஜாஸ்தி. ஒரு நட்டுக்காக, ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு பகல் முழுக்கக் காரோட்டிக்கொண்டு நார்த்மீட்டுக்கு வந்து உங்கள் வாசலில் கைகட்டி நிற்க இந்தச் சேகர் பிறக்கவில்லை. நீங்கள் வந்தால் தலைவாசலில் நின்று கும்பிட்டு வரவேற்பேன். வராவிட்டால் முதல் வளையலை நாகலட்சுமியே போட்டுவிடட்டும்.

உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும். பேரக்குழந்தை உங்கள் வீட்டு ரோஷமும் எங்கள் வீட்டுப் பிடிவாதமும் இல்லாமல், சுகமாகப் பிறந்து இரண்டு வீட்டுக்கும் விளக்காக இருக்கட்டும். விஜயா அம்மாவுக்கு என் வணக்கம். உங்களுக்கும் வணக்கம், இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தன் கருத்தில் துளியும் மாற்றமில்லாத
சேகர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட்டால் வளைகாப்புக்கு முன்னால் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சந்தேகம் வந்தது. கையில் கொடுத்துவிடலாம் என்று சனிக்கிழமை விடிந்ததும் நானும் நாகலட்சுமியும் என் பழைய காரில் கிளம்பினோம். பெயில் ஆன சரக்கை அனுப்பியவரிடமே ஒப்படைப்பதுதான் முறை என்பதால் உங்கள் செட்டையும் பின்னால் போட்டுக்கொண்டேன். பாதி வழியில், கண்டகாய் என்கிற ஊரில் டீ குடிக்க நிறுத்தினோம், திரும்ப வண்டி எடுக்கவில்லை. பேட்டரி முனையில் நட்டு லூஸ். என் ராட்செட் ட்ருகனினாவில் சாமந்திப் பூவோடு சௌக்கியமாக இருக்கிறது. வேறு வழியில்லாமல் உங்களுடையதை எடுத்தேன். அந்த இடுக்கில் என் முப்பத்தாறு பல் ஆடியிருக்கவே ஆடியிருக்காது, உங்களுடையது ஆடியது. இறுகியது. வண்டி கிளம்பியது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தடவை உபயோகித்த சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு, அதுவும் எங்கள் கம்பெனி விதி. எழுதினவனே நான்தான். ஆகவே சரக்கு எங்களுடையது.

இப்போது உங்கள் வீட்டு எதிரில் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் பேப்பரை வைத்து இதை எழுதுகிறேன். நாகலட்சுமி மடியில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பழம், புடவை, உங்களுக்கு வேட்டி. "இந்த லெட்டரைக் குடுத்தீங்கன்னா நான் இப்படியே பஸ் பிடிச்சுப் போயிடுவேன்" என்கிறாள். கொடுப்பேன். வருத்தம் என்ற வார்த்தை மட்டும் என் வாயில் வராது சம்பந்தி, எதிர்பார்க்காதீங்க. தட்டை நானே வாங்கி, நானே நீட்டி, "தாரிணிக்கு வளையல் போட வாங்க"ன்னு கேட்கிறேன், என்னால் ஆனது அவ்வளவுதான். உள்ளே ஜன்னல் திரை ஆடுது, நீங்க எங்களைப் பாத்துட்டீங்க. கதவைத் திறங்க.